குசினிக்குப் பின்னால் ஒரு மண்மேடு



நோன்புக்கு முதல் குசினியைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு எங்கள் வீட்டில் மூன்று மாதமாக ஓடுகிறது. முற்றத்தில் மணல் பறித்திருப்பதைப் பார்த்துப் பலர் விசாரித்தீர்கள். "பின்னுக்கா இழுக்கிறீங்க?" என்பதுதான் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி. இல்லை, பின்னுக்கு இழுக்கவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். ஹல்துமுல்லையில் எத்தனையோ வீடுகளின் அமைப்பு எங்கள் வீட்டைப் போலத்தான்: முன்னால் பள்ளம், பின்னால் மேடு, நடுவில் வெட்டிய மட்டத்தில் வீடு.

எங்கள் குசினி எட்டடிக்குப் பத்தடி. வாப்பா கட்டியது. ஒரு மூலையில் உம்மாவின் விறகடுப்பு, எதிர்ச்சுவரோடு மேசையில் கேஸ் குக்கர், சிங்க் வெளியே. பின்கதவைத் திறந்தால் மூன்றடி இடைவெளி, அதற்கப்பால் பன்னிரண்டு அடி உயரத்துக்குச் செம்மண். ஸஹர் நேரத்தில் மூன்று பேர் உள்ளே நின்றால் நாலாமவர் கதவுக்கு வெளியேதான்.

வந்து பார்த்த பாஸ் ஒரே நிமிடத்தில் வழி சொன்னார். "சேர், பெக்கோவ ஒரு நாளைக்கு எடுத்தா ஆறடி உள்ளுக்கு வெட்டிரலாம். அந்த மண்ணையே முன்னுக்குக் கொட்டினா முற்றமும் பெருசாகும்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. செலவும் குறைவு.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். எங்களில் ஒருவர் படிப்பிப்பது மனைப் பொருளியல். பயிற்சிக் காலத்தில் குசினி அமைப்பு பற்றிக் குறிப்புக் குறிப்பாக எழுதியிருக்கிறோம். சாமான் வைக்கும் இடம், கழுவும் இடம், அடுப்பு, இந்த மூன்றுக்கும் இடையில் ஒரு முக்கோணம். அதில் நடை குறைய வேண்டும். இந்த யோசனைக்கு நூறு வருசக் கதை இருக்கிறது. 1926இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் தொழிலாளர் வீடுகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வரைந்த குசினி ஏறத்தாழ 1.9 மீற்றருக்கு 3.4 மீற்றர். எங்கள் குசினியை விடக் கொஞ்சம் சிறியது! அதற்குள் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். அதை வரையும் வரை தான் சமைத்ததே இல்லை என்று பிறகு அவரே சொன்னது வேறு கதை. இன்றைய பென்ட்ரிக் குசினிகளெல்லாம் அதன் பிள்ளைகள்தான். ஆனால் அந்த அம்மா பிராங்பேர்ட்டில் வரைந்தார், பெரகலைச் சந்திக்குக் கீழே இல்லை. பின்சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் யோசிக்கத் தேவை வரவில்லை.

எங்களுக்கு அதுதான் முதல் கேள்வி. ஒரு சரிவு நிற்பது அதன் அடியில் உள்ள மண்ணின் பலத்தில். அடியை வெட்டினால் மேலே உள்ள பாரம் அப்படியே இருக்கும், தாங்கியது மட்டும் போய்விடும். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. வெட்டிய மண் சுவர் மாதிரி நேராக நிற்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். மழை இறங்கி மண் பாரமாகும்போதுதான் கணக்கு மாறும். வெட்டிய மண்ணை முன்னால் கொட்டுவதும் சின்ன விசயமில்லை. இறுகாத மண் கீழ் வீட்டுக்காரரின் கூரைக்கு மேலே போய்க் குந்துகிறது.

மீரியபெத்தையை எங்கள் பிரதேசத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணியளவில். அது மலையே இறங்கி வந்த சரிவு, வீட்டுக்குப் பின்னால் ஆறடி வெட்டுவதோடு அதை ஒப்பிட முடியாது. ஆனால் அந்த நேரத்தை யோசித்துப் பாருங்கள். காலை ஏழரைக்கு ஒரு வீட்டில் பெண்கள் எங்கே நிற்பார்கள்? கடந்த 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டம் பட்ட பாட்டையும் பார்த்தோம். பெரிய சரிவு இல்லாத வருசங்களிலும் "வீட்டின் பின்புற மண்மேடு சரிந்து" என்று ஒரு செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. பின்புறம் என்றால் எங்கள் வீடுகளில் அது குசினிதான். செய்தியில் அப்படி எழுதமாட்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே குசினி பின்னால் போகவில்லை. பக்கத்து அறைக்கு வருகிறது. அது பிள்ளைகள் படிக்கும் அறை.

இதைச் சொன்ன அன்று வீட்டில் பெரிய சத்தம். பிள்ளைகளுக்கு மேசை எங்கே என்று ஒரு பக்கம். உம்மாவுக்கு வேறு கவலை. "வாசல் பக்கமா அடுப்ப வெக்கப் போறீங்க? வார மனிசரெல்லாம் என்ட சட்டியப் பாக்கணுமா?" அவர் சொல்வது நியாயம். ஆண்கள் ஹோலில் இருக்கும்போது பெண்கள் தங்கள் பாட்டில் வேலை செய்ய ஓர் இடம் வேண்டும். குசினி பின்னால் இருப்பதே அதற்காகத்தான். ஒரு கந்தூரி, ஒரு கல்யாணம் என்றால் அந்தப் பின்கதவால்தான் அயல் பெண்கள் வந்து போவார்கள். அதை அழித்துவிட்டு அழகான பென்ட்ரி போட்டு என்ன செய்ய? அதனால் ஹோல் பக்கக் கதவை மூடிச் சுவர் எழுப்பி, பக்கச் சுவரில் புதுக் கதவு வைக்கிறோம். அயலவர்கள் அதனால் வரலாம். பழைய குசினி விறகு வைக்கும் ஸ்டோர் ஆகிறது. மழை நாளில் அங்கே யாரும் நிற்கத் தேவையில்லை. பிள்ளைகளின் மேசை ஹோலுக்கு வருகிறது. மூத்தவர் இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

விறகடுப்பையும் எடுக்கவில்லை. "இந்தக் காலத்தில் விறகா?" என்று ஒரு நண்பர் சிரித்தார். 2021 கடைசியில் கேஸ் சிலிண்டர்கள் வெடித்த கதையும், 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனதும், அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் நின்றதும் எங்களுக்கு மறக்கவில்லை. அந்த மாதங்களில் வீட்டைக் காப்பாற்றியது உம்மாவின் மூலைதான். மாற்றவேண்டியது புகையை. வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020இல் உலகத்தில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எங்களுக்கு அந்தக் கணக்கு வகுப்பறையிலேயே தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிலிருந்து, மிலாறு எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளையின் சீருடையில் மிலாற்றுப் புகை வாசம் இருக்கும். குசினியை எங்கே வைக்கலாம் என்று அந்த வீட்டுக்காரர்களிடம் எந்தக் காலத்திலும் யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு மூன்று மாதம் யோசிக்கக் கிடைத்ததே பெரிய விசயம்.

அதனால் உம்மாவுக்கு ஒரு அனகி அடுப்பு. களிமண்ணில் செய்தது, ஒரே நெருப்பில் இரண்டு சட்டி வைக்கலாம், விறகு குறைவாகப் பிடிக்கும். அதற்கு மேலே புகைபோக்கி. மே, ஜூன் மாதங்களில் கீழிருந்து ஏறி வரும் நம்மூர்க் காற்றுக்குப் புகை திரும்பி உள்ளே வராதபடி அதன் வாய் கூரையின் உச்சியைத் தாண்டி நிற்க வேண்டும், மூடியும் வேண்டும்.

ஏற்கனவே வெட்டிக் கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. பயமுறுத்த எழுதவில்லை. கூரைத் தண்ணீரையும் சிங்க் தண்ணீரையும் மேட்டின் அடியில் விடாதீர்கள், கானுக்குக் கொண்டுபோய் விடுங்கள். தாங்குசுவர் கட்டியிருந்தால் தண்ணீர் வடியும் துவாரங்கள் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், இல்லாத இடத்தில் ஊற்று, கலங்கிய தண்ணீர், இறுகி மூடாத கதவு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். நேரான பக்கமுள்ள ஒரு பாத்திரத்தை முற்றத்தில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே மழை தெரியும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு அது. புதிதாக வெட்ட நினைப்பவர்கள் பெக்கோவுக்கு முதல் பதுளையில் உள்ள அவர்களுடைய காரியாலயத்துக்குப் போங்கள். மலை மாவட்டங்களில் கட்டுவதற்கு அவர்களின் சான்று எப்படியும் தேவை.

எங்கள் பாஸ் சனிக்கிழமை வருகிறார். பைப் வேலையிலிருந்து தொடங்குகிறோம். பென்ட்ரி அவருக்கு அத்துப்படி, விறகடுப்புக்குப் புகைபோக்கி கட்டிப் பழக்கமில்லையாம். அந்தப் பழைய வேலை தெரிந்த பாஸ் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். உம்மா தினமும் கேட்கிறார்.