ஒற்றையாள் பரிசல்

காவிரியில் கம்பரசம்பேட்டைக்கு எதிர்க்கரை, ஸ்ரீரங்கம் மேலூர்ப் பக்கம். முதல்நாள் மாலை போட்ட வலையை விடியலில் எடுக்கக் கிளம்பிய பரிசல்காரரிடம், கூட வரட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி. இன்னொரு ஆள் ஏறினா பரிசல் வேற மாதிரி போகும். கரையில நின்னு பாருங்க" என்றார்.

வலையின் ஒரு முனையைப் பிடித்து வைத்திருப்பது ஆற்றடியில் கிடக்கும் கல். கல்லிலிருந்து கயிறு, கயிற்று நுனியில் தக்கையாக, மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன். அந்தத் தக்கையைப் பிடிப்பதில்தான் இந்தத் தொழிலின் நுட்பம் முழுக்க இருக்கிறது. துடுப்புப் போடவும் கயிற்றைப் பற்றவும் அதே இரண்டு கைகள். பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. துடுப்பை நிறுத்தினால் சுற்றத் தொடங்கிவிடும்.

அவர் நேராகத் தக்கைக்குப் போகவில்லை. அதைத் தாண்டிக் கீழே இறங்கி, பிறகு ஓட்டத்தை எதிர்த்து ஏறினார். முழங்காலிட்டு, விளிம்புக்கு முன்னால் துடுப்பை எட்டுப் போடுவதுபோல் வளைத்து வளைத்து இழுத்தார். தக்கை கைக்கெட்டியபோது அவர் வேகமும் ஆற்றின் வேகமும் சமமாகிப் பரிசல் ஒரு கணம் நின்றது. துடுப்பை உள்ளே போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

"மேலேயிருந்து வந்தா என்னண்ணே?" என்று பிறகு கேட்டேன்.

"தண்ணி நம்மளத் தக்கை மேலயே ஏத்திடும். கயிறு அடியில போயிடும். அப்பப் பிடிச்சா கல்லு ஒரு பக்கம் இழுக்கும், ஆறு ஒரு பக்கம் இழுக்கும். விளிம்பு சாஞ்சு தண்ணி உள்ள வந்துடும்."

கடலில் தனியாகப் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களும் மிதவையில் படகைக் கட்ட இப்படித்தான் வருவார்கள். காற்றையோ நீரோட்டத்தையோ எதிர்த்து, வேகமெல்லாம் மிதவையருகே தீரும்படி. அவர்களிடம் நீண்ட கொக்கிக்கழி இருக்கும். இவருக்குக் கைதான். இரண்டாவது தக்கை ஒருமுறை கைநழுவியது. எட்டிப் பாயவில்லை, துரத்தவில்லை; மறுபடி கீழே இறங்கிச் சுற்றி வந்தார். அந்தப் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பிடித்த கயிற்றை மூங்கில் விளிம்பில் உருவு சுருக்காகப் போட்டிருந்தார். ஒரே இழுப்பில் அவிழும். அவிழ்த்தே ஆகவேண்டிய நாள்கள் உண்டு. ஓட்டம் கூடினால் தக்கையே நீருக்குள் அமுங்கிவிடும். "அது முங்கிட்டா வலையை மறந்துடணும்" என்றார்.

ஓட்டம் எவ்வளவு கூடும் என்பதற்கு ஒரு சாட்சி: ஆற்றின் மேற்பக்கம், ஆர்தர் காட்டன் 1836-38இல் முக்கொம்பில் கட்டிய மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 அன்று கொள்ளிடம் பக்கத்து ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துச் சென்றது. இந்த ஆறு அப்படியும் வரும். ஒலிபெருக்கி எச்சரிக்கை கரையில் கேட்கும். நடு ஆற்றில் வலையோடு குனிந்திருப்பவருக்கு எந்த அளவு கேட்கும்? முக்கொம்பில் திறப்பைக் கூட்டும் முன் கைபேசிக்கு ஓர் அழைப்பு, உடம்பில் ஒரு லைஃப் ஜாக்கெட். தனியாகப் போகிற ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டும் கிடைத்தாக வேண்டும்.