விரலுக்குத் தகுந்த தந்தி

“விரலுக்குத் தகுந்த வீக்கம்” என்று பெரியோர் சொல்வதுண்டு. வரவை மீறிய செலவைக் கண்டிக்க எழுந்த பழமொழி அது. மின்கிற்றார் பயிலும் பிள்ளைகளைக் காணும்போதோ, அதனை நேர்ப்பொருளிலேயே கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகின்றது.

அட்டனில் பௌதிகவியல் கற்பிப்பவன் நான். என் மாணவன் ஒருவனுக்கு, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அவன் தாயார் சீட்டுப் பணத்தில் பழைய மின்கிற்றார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் மாதமே அதனை விற்கப் போவதாக அவன் கூறினான். காரணம் வினவினேன். “ஏலாது சேர், விரலெல்லாம் புண்ணாப் போச்சு” என்று இடக்கையை நீட்டினான். தடித்த தந்தியில் வாசிப்பவனே மெய்யான கலைஞன் என்று எவரோ அவனுக்கு உபதேசித்திருந்தார். அவன் வாத்தியத்தின் முதல் தந்தியை அளந்தேன், தடிப்பு 0.012 அங்குலம்.

கிற்றார்த் தந்தித் தொகுதிகள் முதல் தந்தியின் தடிப்பால் பெயர் பெறுவன. ‘ஒன்பது’ என்றால் முதல் தந்தி 0.009 அங்குலம், ஆறாம் தந்தி பெரும்பாலும் 0.042. ‘பத்து’ என்றால் 0.010 முதல் 0.046 வரை. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டால் என்ன வந்துவிடும் என்று எண்ணலாகாது. நீளமும் சுருதியும் மாறாதவிடத்து, தந்தியின் இழுவை தடிப்பின் வர்க்கத்துக்கேற்ப உயரும். பிரெஞ்சுத் துறவி மேர்சென் 1636இல் வெளியிட்ட நூலில் வகுத்த தந்தி விதிகளிலிருந்து பெறப்படுவது இது. இருபத்தைந்தரை அங்குல நீளமுள்ள கிற்றாரில், ஒன்பதுக்கு ஏறத்தாழ 6 கிலோகிராம் நிறையளவு இழுவை, பத்துக்கு 7க்கு மேல், பன்னிரண்டுக்கோ பத்தரை. என் மாணவனின் விரல் புண்பட்டதில் வியப்பென்ன?

இசைக்குக் கணக்கு எதற்கு என்று கேட்பார் உளர். நம் ஈழநாட்டு விபுலாநந்த அடிகளார், 1947இல் வெளிவந்த தமது யாழ் நூலில், பண்டை யாழின் சுருதிகளைக் கணிதங்கொண்டே ஆராய்ந்தார்.

மரக்கிற்றாரில் தந்தி பலகையை அதிரச் செய்தாலன்றி ஓசை பெருகாது. ஆதலின் அங்கே தடிப்புக்கு மதிப்புண்டு. மின்கிற்றாரிலோ, உருக்குத் தந்தியின் அசைவைக் காந்தச் சுருள் உணர்கின்றது. ஓசையைப் பெருக்குவது மின்கருவி. மெல்லிய தந்தியே போதுமானது. கலிபோர்னியாவில் கிற்றார்க் கடை நடத்திய ஏர்னி போல், பயில்வோர் தடித்த தந்தியோடு போராடுவதைக் கண்டு, 1960களின் தொடக்கத்தில் மெல்லிய தொகுதிகளை விற்பனைக்குக் கொணர்ந்தார். பர்மிங்காம் நகர்த் தொழிலாளியான தோனி அயோமி, 1965இல் தொழிற்சாலை இயந்திரத்தில் இரு விரல் நுனிகளை இழந்தார். நுனிகளுக்கு உறை செய்து மாட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி, பின்னர்ச் சுருதியையும் தாழ்த்தி உலகப் புகழ் எய்தினார். தடித்த தந்திக்குப் பெயர்போன ஸ்ரீவி ரே வோனும் 0.013 தந்தியை அரைச் சுரம் தாழ்த்தியே மீட்டினார்.

தடித்த தந்திக்கும் பயன் உண்டு. ஓங்கி மீட்டுவோருக்கும், சுருதியைத் தாழ்த்துவோருக்கும் அது தளராது நிற்கும். மெல்லியது எளிதில் அறும். அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறும். ஆதலின் தொடங்குவோர் ஒன்பதில் தொடங்குக. கை உரம்பெற்றபின் பத்தைப் பரீட்சிக்க. நீளம் இருபத்துநான்கே முக்கால் அங்குலமாயின் இழுவை நூற்றுக்கு 6 பங்கு குறையும். அங்கே பத்தும் சற்று இளகியிருக்கும். தடிப்பு மாறினால் கழுத்தின் வளைவும் மாறும். அதனைத் திருத்துவித்தல் வேண்டும். நம் மலைப்பனி உருக்கைத் துருவாக்கும். வாசித்தபின் உலர்ந்த துணியால் துடைத்தல் நலம்.

என் மாணவன் ஒன்பதுக்கு மாறினான், கிற்றாரை விற்கவில்லை.

கை காய்த்துப் போவது மலையகத்துக்குப் புதிதன்று. வயிற்றுப்பாட்டுக்காகத் தாய்மார் விரல் நோகின்றனர். அதற்கு வேறு வழியில்லாதிருந்தது. பாட்டுக்கும் பிள்ளைகள் அவ்வாறே நோக வேண்டும் என்பது என்ன நியாயம்? விரல் நுனி சிறிது உரம்பெறுவது பயிற்சி, புண்ணாவது பயிற்சியன்று. பெற்றோரே, கிற்றார் வாங்கித் தரும் நாளில் தந்தியின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.