பெயரைக் கேட்டுப் பெறுதல்: எர்த்சீயின் மந்திரங்கள்

மந்திரம் என்றதும் எங்கட வயதுக்காரருக்கு முதலில் ஞாபகம் வருவது ஹொக்வாட்ஸ்தான். கையில ஒரு கோல், லத்தீன் மாதிரி ஒலிக்கிற ரெண்டு சொல், கோலின் நுனியில வெளிச்சம். அந்தச் சொல்லுக்கு ஏன் அந்தச் சக்தி எண்டு கேட்டால் கதையில் பெரிதாகப் பதில் இல்லை. கதை ஓடுகிற வேகத்தில் நாங்களும் கேட்பதில்லை.

முதலாவது ஹரி பொட்டர் வருவதற்கு 29 வருஷங்களுக்கு முதலே, 1968இல், உர்சுலா கே. லெ குவின் என்ற அமெரிக்க எழுத்தாளர் ‘எ விஸர்ட் ஒஃப் எர்த்சீ’ என்ற நாவலை எழுதினார். அதிலும் ஒரு மந்திரப் பள்ளிக்கூடம் இருக்கு. ஆனால் அங்கே பிள்ளைகள் செய்கிற முக்கியமான வேலை, கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு நல்லாப் பழகினது: பாடமாக்குறது. தனித்து நிற்கிற ஒரு கோபுரத்தில், குளிருக்குள்ள இருந்து, பெயர்ப் பட்டியல்களைப் பாடமாக்க வேணும். தந்த பட்டியலின் மை நள்ளிரவோடு அழிந்துபோகும். அதற்குள் மனதில் ஏறினால் ஏறினதுதான். சோதனைக்கு முதல்நாள் இரவு விடுதியில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அது என்ன பெயர்ப் பட்டியல்?

எர்த்சீ முழுக்கத் தீவுகளால் ஆன உலகம். ஆதியில் செகோய் என்பவர் பெயர் சொல்லித்தான் அந்தத் தீவுகளைக் கடலிலிருந்து எழுப்பினார் என்பது அங்குள்ள நம்பிக்கை. அவர் பேசிய மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு உண்மைப்பெயர் உண்டு. நாங்கள் தினமும் புழங்குகிற பெயர்கள் வெறும் அடையாளங்கள். உண்மைப்பெயரோ அந்தப் பொருளேதான். அதை அறிந்தவருக்கு அந்தப் பொருள் கட்டுப்படும். எர்த்சீயின் மந்திரம் எல்லாம் இந்த ஒரு விதியில் இருந்துதான் கிளைக்குது.

விதி ஒன்றுதான் என்றாலும் அதில் இருந்து வருகிற வகைகள் பல. ரோக் தீவில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் ஒன்பது ஆசான்கள். ஒருவர் காற்றையும் மழையையும் கற்பிப்பார். ஒருவர் கண்கட்டு வித்தை. ஒருவர் மூலிகை. இன்னொருவர் பழைய பாட்டுகளும் வரலாறும். ஒன்றை உண்மையிலேயே வேறொன்றாக மாற்றுகிற கலைக்கு ஒருவர், தூரத்தில் இருப்பதையும் இறந்தவர்களையும் அழைக்கிற கலைக்கு ஒருவர். பெயர்களுக்கு ஒருவர் அந்தக் கோபுரத்தில் இருக்கிறார். காட்டுக்குள்ள மரங்களின் ஒழுங்கைப் படிக்கிறவர் ஒருவர். கடைசி ஆள் வாயில்காப்போன். அவரிடம் பிறகு வருவம்.

இவற்றில் கண்கட்டுக்கும் மாற்றத்துக்கும் இடையில உள்ள வித்தியாசம் எனக்கு மிகப் பிடிச்சது. ஒரு கூழாங்கல்லை வைரம்போலக் காட்டுவது சுகம். பார்க்கிறவனின் கண்தான் ஏமாறும், கல் கல்லாகவே இருக்கும். ஆனால் கல்லை மெய்யாகவே வைரமாக்க வேணுமெண்டால் அதன் உண்மைப்பெயரை மாற்ற வேணும். அப்படிச் செய்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், உலகத்தில் ஒன்று மாறிவிட்டது. ஒரு தீவில் மழையைத் திருப்பினால் இன்னொரு தீவு காயலாம். அதனால நல்லாப் படிச்ச மந்திரவாதி அங்கே மந்திரத்தைக் குறைவாகத்தான் பாவிப்பான். கதாநாயகன் கெட்டின் முதல் குரு ஓகியன் மழையில் நனைஞ்சுகொண்டு நடப்பார். மழையை விலக்கத் தெரியாமல் இல்லை. மழை பெய்யிற நேரத்தில பெய்யட்டும் எண்டு விடுகிறார்.

இன்னொரு எல்லையும் இருக்கு. கடல் முழுவதையும் ஒரே மந்திரத்தில் கட்ட முடியாது. ‘கடல்’ என்ற ஒரு சொல் போதாது. ஒவ்வொரு குடாவுக்கும் ஒவ்வொரு நீரோட்டத்துக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. அத்தனையும் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆகவே பெரிய மந்திரவாதியின் சக்தியும் அவனுக்கு நல்லாத் தெரிஞ்ச இடத்தோட நின்றுவிடும். மந்திரம் ஏன் உலகத்தையே ஆளவில்லை என்ற கேள்விக்கு லெ குவின் தருகிற பதில் இது. எனக்கு இது நேர்மையான பதிலாகப் படுது.

பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் மந்திரம் உண்டு. கப்பலில் நின்று பாய்க்குக் காற்றுப் பிடிச்சுக் குடுக்கிறவர்கள் இருக்கினம். அவர்களுக்கு அது ஒரு கூலி வேலை. ட்ராகன்களுக்கு அந்த ஆதிமொழி தாய்மொழி. அந்த மொழியில் மனிதரால் பொய் சொல்ல முடியாது, ட்ராகன்களால் முடியும். கிழக்கே இருக்கிற கார்காட் நாட்டவர்கள் மந்திரமே வேண்டாம் என்கிறவர்கள். மண்ணுக்கு அடியில் பெயரே இல்லாத பழைய சக்திகள் கிடக்குது. இரண்டாவது நாவலில் அந்தப் பெயரற்றவர்களுக்குப் பூசாரியாக்குவதற்காக டெனார் என்ற சின்னப் பிள்ளையைக் கொண்டுபோகினம். முதலில் அவளிடமிருந்து எடுப்பது அவளுடைய பெயரை. பல வருஷம் கழித்து கெட் அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்கிறான். அந்த நாவலில் எனக்கு மறக்காமல் இருக்கிற மந்திரம் அதுதான்.

மனிதருக்கும் உண்மைப்பெயர் உண்டு. அது தெரிந்தவன் உங்களை ஆளலாம். ஆகவே எல்லாரும் புழங்குவதற்கு வேறொரு பெயர் வைத்திருப்பார்கள். கெட்டை ஊர் உலகம் அழைப்பது ஒரு சின்னப் பருந்தின் பெயரால். உண்மைப்பெயரை ஒருவருக்குச் சொல்வது, உயிரை அவர் கையில் கொடுப்பது மாதிரி. ஒரு பெரிய தவறுக்குப் பிறகு கெட் எல்லாராலும் கைவிடப்பட்டு நிற்கிற நேரத்தில் வெட்ச் என்ற நண்பன் வந்து, கேட்காமலே தன் உண்மைப்பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டன். வாசிக்கிற நேரம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கோ.

எங்கட வீடுகளிலும் பிள்ளைக்கு ரெண்டு பெயர்தானே. பள்ளிக்கூட இடாப்பில ஒன்று, அடுப்படியில் இருந்து கூப்பிடுகிறது இன்னொன்று. வீட்டுப்பெயரை வகுப்பில் யாராவது கண்டுபிடித்துவிட்டால் அந்த வருஷம் முழுக்க நாங்கள் அவரின் கையில்தான்.

பெயர் பற்றிய இந்தக் கவனம் லெ குவினுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் அவருடைய குடும்பத்தில் ஒரு கதை இருக்கு. 1911இல் கலிபோர்னியாவில் ஒரோவில் என்ற ஊர்ப் பக்கம், யாஹி என்ற பழங்குடியின் கடைசி மனிதர் தனியாக வந்து சேர்ந்தார். அவருடைய ஆட்கள் வெள்ளைக் குடியேறிகளால் வேட்டையாடப்பட்டு அழிக்கப்பட்டிருந்தார்கள். அவரைப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் மானிடவியலாளர் அல்ஃப்ரெட் க்ரோபர், லெ குவினின் அப்பா. அந்த மனிதர் தன் பெயரை யாருக்கும் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கம் இல்லை. அவரைக் கூப்பிட ஏதாவது வேணுமே எண்டு க்ரோபர் ‘இஷி’ என்று வைத்தார். அந்த ஆட்களின் மொழியில் அதற்கு ‘மனிதன்’ என்று பொருள். 1916இல் அவர் இறந்தபோது உண்மைப்பெயரும் அவரோடு போயிற்று. லெ குவின் பிறந்தது 1929இல். இஷி பற்றிய பிரபலமான புத்தகத்தை 1961இல் எழுதியவர் அவருடைய அம்மா தியடோரா க்ரோபர். இதை அறிந்த பிறகு, எர்த்சீயில் யாராவது யாருக்காவது பெயர் சொல்கிற இடங்களை என்னால் வேகமாகக் கடக்க முடியவில்லை.

இனி எனக்கு இடறுகிற இடத்துக்கு வாறன்.

கெட்டுக்கு முதல் மந்திரம் சொல்லிக் கொடுத்தது ரோக் பள்ளிக்கூடம் இல்லை, ஓகியனும் இல்லை. ஊரில் சின்னச் சின்ன மந்திரம் செய்கிற, அவனுடைய அம்மாவின் சகோதரி. ஆடுகளைக் கூப்பிடுகிற சொல் அவவிடமிருந்துதான் அவனுக்கு வந்தது. ஆனால் அந்த நாவலில் அவவுக்குக் கிடைக்கிற மரியாதை குறைவு. பெண்களின் மந்திரம் பலமில்லாதது, பொல்லாதது எண்டு அந்தத் தீவில் ஒரு பழமொழியே உண்டு. ரோக் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு இடமில்லை. விதியின்படி பார்த்தால் இதற்குக் காரணமே கிடையாது. பெயர் தெரிந்தால் மந்திரம் பலிக்கும். கல்லுக்கு, தன்னைக் கூப்பிடுகிறது ஆணா பெண்ணா எண்டு கவலை இல்லை. அப்படியென்றால் தடை மந்திரத்தில் இல்லை, கதவில்தான் இருக்கு.

லெ குவின் இதைத் தானே கேட்டுக்கொண்டார். மூன்றாவது நாவல் வந்தது 1972இல். 18 வருஷம் கழித்து, 1990இல், ‘தெஹானு’ வந்தது. அதில் கெட்டின் சக்தி முழுக்கப் போய்விட்டது. டெனார் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஒரு விதவை. ஓகியனிடம் படிக்கக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு ஒரு விவசாயியைக் கலியாணம் கட்டினவள். அவள் நெருப்பில் எரிக்கப்பட்ட ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். பக்கத்தில் மொஸ் என்ற கிழவி இருக்கிறா, ஊர் மந்திரக்காரி. கதை முழுக்கச் சமைப்பதும் கழுவுவதும் ஆடு பார்ப்பதும்தான். ட்ராகனுக்காகக் காத்திருக்கிற வாசகருக்குக் கொஞ்சம் பொறுமை வேணும். பிறகு 2001இல் வந்த கதைத் தொகுப்பில், ரோக் பள்ளிக்கூடத்தை ஆரம்பத்தில் கட்டினவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்று எழுதினார். பழைய விதி ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை. அந்த விதிகளை யார் எழுதி வைத்தார்கள், யாரை விட்டுவிட்டு எழுதினார்கள் என்று மட்டும் காட்டினார்.

‘தெஹானு’வை வாசித்தது, நான் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த மாதத்தில். எங்கட அம்மம்மா பார்வை பார்ப்பா. பயந்த பிள்ளைகளையும், காய்ச்சல் விடாத பிள்ளைகளையும் கொண்டு வருவினம். வேப்பிலையும் திருநீறும் எடுத்து, வாய்க்குள்ள ஏதோ சொல்லுவா. நாவூறு எண்டால் உப்பும் செத்தல் மிளகாயும். இருமலுக்கு ஆடாதோடை, ஆவி பிடிக்க நொச்சி எண்டு ஒவ்வொரு இலைக்கும் பெயரும் வேலையும் தெரியும். இதைத்தான் எழுதப்போறன் எண்டு சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில்: “ஏட்டில் இருந்தால் ஆய்வு செய்யலாம், இது வீட்டுச் சாமான்தானே.” வைத்தியர் ஒருவரின் ஏட்டுச்சுவடியில் இருக்கிற அதே இலை, அம்மம்மாவின் வாயில் வந்தால் சான்று இல்லையாம். ரோக் தீவின் கதவு எனக்கு முன்னால் வந்து நின்றது மாதிரி இருந்தது.

விடாமல் கேட்டதில் தலைப்பு ஒருமாதிரி ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் அடுத்த கதவு அம்மம்மா. இலைகளின் பெயரை எல்லாம் சொன்னா. நான் எழுதுகிற எழுத்துச் சரியா எண்டு கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா. பார்வை பார்க்கிற நேரம் என்ன சொல்லுறனீங்கள் எண்டு கேட்டபோது மட்டும், “அது சொன்னால் பலிக்காது பிள்ளை” எண்டா. அவ்வளவுதான்.

வாயில்காப்போன் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ரோக் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய வேணுமெண்டால் உங்கள் உண்மைப்பெயரை அவருக்குச் சொல்ல வேணும். படிப்பு முடிந்து வெளியேற வேணுமெண்டால் அவருடைய பெயரை நீங்கள் அறிய வேணும். கெட் அதைப் பிடுங்கவும் முடியாது, ஏமாற்றி எடுக்கவும் முடியாது. கடைசியில் அவரிடமே போய், உங்கள் பெயர் என்ன என்று கேட்கிறான். அவர் சொல்லிவிடுகிறார். அத்தனை வருஷப் படிப்பின் கடைசிச் சோதனை, மரியாதையாக ஒரு கேள்வி கேட்பது.

ஆனால் கேட்டால் எல்லாரும் சொல்லத்தான் வேணும் எண்டு எந்த விதியும் இல்லை. இஷி சொல்லவில்லை. அம்மம்மாவும் சொல்லவில்லை. தொலைபேசியை மறைவாக வைத்துப் பதிவு செய்யலாம் என்று ஒரு சிநேகிதி யோசனை சொன்னாள். அது பெயரைக் களவெடுப்பது. கட்டுரையில் மந்திரம் வரவேண்டிய பக்கத்தில் ‘தகவலாளர் சொல்ல விரும்பவில்லை’ என்று ஒரு வரி எழுதி மிச்சத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதற்குப் புள்ளி குறையலாம். அந்தப் பக்கத்தை நிரப்புவதாக இல்லை.

எர்த்சீயைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று. முதல் மூன்று நாவல்களோடு நிற்பாட்டிவிடாதேங்கோ. நான்காவதைக் கையில் எடுக்க முதல் கொஞ்சம் இடைவெளி விடுங்கோ. லெ குவினே 18 வருஷம் எடுத்தவர்.