சின்னவனோடு கப்பலேறப் போகிறோம்

 

கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தும் இதுவரை ஒரு கப்பலில் கால் வைக்காதவர்கள் உங்களில் எத்தனை பேர்? வெட்கப்படாமல் கையை உயர்த்துங்கள். நானும் உயர்த்துகிறேன். கல்முனையில் எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தால் பத்து நிமிடம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை நம் ஊர்களெல்லாம் கடலுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கரைவலை இழுப்பவர்களின் சத்தம் கேட்டு விழித்த காலைகள் எனக்கு ஞாபகம் உண்டு. என்றாலும் எங்கள் குடும்பத்தில் கப்பலேறியவர் ஒரே ஒருவர்தான், மர்ஹூம் மூத்தாப்பா. தலைமன்னாரில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் நாகூருக்குப் போய் வந்தவர். 1914ஆம் ஆண்டு தொடங்கிய அந்தக் கப்பல் வழி, 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு முடிந்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து சில காலம் ஓடியதும் யுத்தம் வந்ததோடு நின்றது.

இந்தப் பேச்சை எங்கள் வீட்டில் மீண்டும் கிளப்பியவள் ஒன்பது வயது மகள். கொழும்புக்குப் போயிருந்தபோது காலிமுகத்திடலில் நின்று, துறைமுகத்திலிருந்து வெளியேறிய ஒரு வெள்ளைக் கப்பலைப் பார்த்துவிட்டாள். மாடி மாடியாக ஜன்னல்கள். "உம்மா, அதுக்குள்ள ஆக்கள் இருக்கிறாங்களா? நாங்களும் போவமா?" என்றாள். என் இடுப்பில் இருந்த சின்னவனுக்கு அப்போது ஒன்றரை வயது. அவனும் கையை நீட்டினான். அவன் எதைக் கண்டாலும் கையை நீட்டுவான் என்பது வேறு விஷயம்.

விசாரித்துப் பார்த்தோம். அந்த மாதிரி உல்லாசக் கப்பல் ஒன்று 2023 ஜூன் மாதம் முதல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நம் நாட்டைச் சுற்றி வரத் தொடங்கியது. ஆனால் அது சென்னையில் ஏறிச் சென்னையில் இறங்குபவர்களுக்கான சுற்று. கல்முனையிலிருந்து சென்னைக்குப் போய், அங்கிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து ஊரை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சென்னைக்குப் போவதா? என் கணவர் சிரித்தே விட்டார். செலவை நான் சொல்ல வேண்டியதில்லை. தவிர, இத்தகைய கப்பல்களில் மதுச்சாலையும் சூதாட்டக் கூடமும் வழமையானவை. அவற்றுக்குள் போகாமல் ஒதுங்கியிருக்கலாம், உண்மைதான். ஆனால் சின்னப் பிள்ளை உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்தக் கப்பல் கம்பெனிகள் பல ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றுவதில்லை. பெருங்கடலைத் தாண்டும் பயணமானால் ஒரு வயது பூர்த்தியாக வேண்டும் என்பார்கள். பம்பர்ஸ் கட்டிய பிள்ளையை நீச்சல் குளத்தில் இறக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். நள்ளிரவு வரை நடக்கும் ஆட்டபாட்டங்கள் நமக்கும் வேண்டாம், எட்டு மணிக்கே தூங்கிவிடும் பிள்ளைக்கும் வேண்டாம். அப்படியானால் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

ஆகவே உல்லாசக் கப்பலை விட்டுவிட்டு எங்களுக்கு அளவான கப்பலைத் தேடினோம். யாழ்ப்பாணம் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே ஓடும் பயணிகள் கப்பல்தான் அது. தூரம் சுமார் 110 கிலோமீற்றர், நேரம் ஏறக்குறைய நான்கு மணி. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி 'செரியாபாணி' என்ற கப்பலோடு ஆரம்பித்து, மாரிக் காற்று வருகிறதென்று ஒரு வாரத்துக்குள் நின்றுபோனது. பிறகு 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி 'சிவகங்கை' என்ற கப்பல் சுமார் 150 இருக்கைகளோடு புறப்பட்டது. அதுவும் அந்த ஆண்டு மாரியில் ஓய்ந்து, 2025 பெப்ரவரியில் மீண்டும் ஓடியது.

நமது கடலில் பயணிகள் கப்பல்களின் ஆயுள் குறைவு என்பதை மறக்க வேண்டாம். 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் பெரிய ஆரவாரத்தோடு தொடங்கிய கப்பல் அந்த நவம்பரிலேயே நின்றது. நமது மாவட்டத்தையே பாருங்களேன். மர்ஹூம் அஷ்ரஃப் அவர்களின் கனவான ஒலுவில் துறைமுகம் 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டது. வாயிலை மணல் மூடியது, வடக்குப் பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. பயணக் கப்பல் ஒன்று அங்கே வந்து நின்று நமது பிள்ளைகளை ஏற்றிப் போகும் நாளை நாம் இன்னும் காணவில்லை. எனவே கப்பல் ஓடுகிறதா, எந்தெந்த நாளில் ஓடுகிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே பிள்ளைகளிடம் வாயைத் திறக்க வேண்டும். நான் முந்திச் சொல்லிவிட்டு இரண்டு மாதம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!

உம்மா சொன்ன சொல்

எல்லாவற்றுக்கும் சம்மதம் கிடைத்தது, உம்மாவிடம் மட்டும் கிடைக்கவில்லை.

"பச்சப் புள்ளயக் கடலுக்குள்ள கொண்டு போறிங்களா?" என்று கேட்டுவிட்டுச் சின்னவனை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

வாசகர்களே, நமது கரையைச் சேர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீடுகள் அத்திவாரத்தோடு போயின. எனது சின்னம்மா, உம்மாவின் ஒரே தங்கை, இரண்டு பிள்ளைகளோடு போனார். மூத்த பிள்ளையின் மையித்துக் கிடைத்தது. கைக்குழந்தை கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து உம்மா கடற்கரைக்குப் போனதில்லை. பத்து நிமிட நடைதான், இருபது வருடமாகப் போனதில்லை. மீன் வாங்குவதென்றாலும் சந்தைக்குத்தான். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதுமில்லை. நான் கப்பல், கப்பல் என்று துள்ளிக்கொண்டிருந்தபோது இதை யோசிக்காமல் விட்டது என் பிழை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மூத்தவர் இருந்தால், டிக்கட் விலையைக் கேட்பதற்கு முன்னர் அவரிடம் போய் உட்காருங்கள்.

நான் உட்கார்ந்தேன். நியாயம் பேசவில்லை. நாகப்பட்டினத்தைப் பற்றி நான் படித்ததை மட்டும் சொன்னேன். அதே நாள், அதே அலை. தமிழ்நாட்டில் ஆகக் கூடுதலாக அடிபட்ட மாவட்டம் அதுதான். ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் போனார்கள். உம்மா நிமிர்ந்து பார்த்தார். "அங்கயுமா?" என்றார். எங்களைப் போலவே அங்கேயும் உம்மாமார் தேடித் திரிந்திருப்பார்கள் என்பது இத்தனை வருடமாக அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "நாகூர் அதுக்குக் கிட்டயா?" என்று கேட்டார். கிட்டத்தான், ஐந்தாறு கிலோமீற்றர் என்றேன்.

நாகூர் என்ற பெயர் எங்கள் பக்கத்தில் சாதாரணமானதல்ல. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஒலியுல்லாஹ் பெயரால் வருடா வருடம் கொடியேற்றுகிறார்கள். கடலோடிகள் போன இடமெல்லாம் அவர் பெயரில் நினைவிடம் எழுப்பினார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருக்கின்றன. நாகூரில் ஐந்து மனாராக்கள் உள்ளன. அவற்றில் ஆக உயர்ந்தது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். தர்காக்கள் விஷயத்தில் கருத்து வேறுபாடு உள்ளவர்கள் நம்மில் உண்டு, எங்கள் வீட்டிலேயே உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. மூத்தாப்பா பார்த்த மனாராவை உம்மாவுக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

களப்பில் ஓர் ஒத்திகை

ஒரேயடியாகக் கடலில் இறக்க வேண்டாம் என்று என் கணவர் ஒரு யோசனை சொன்னார். பொத்துவிலுக்குப் போனோம். எங்களிடமிருந்து சுமார் 70 கிலோமீற்றர். அங்கே களப்பில் மீனவர்கள் கண்டல் காடுகளுக்கிடையே தோணியில் கூட்டிப் போகிறார்கள். இரண்டு தோணிகளை இணைத்து மேலே பலகை போட்டது. இயந்திரம் இல்லை, கம்பால் ஊன்றித் தள்ளுகிறார்கள். உம்மா, "இது களப்புத்தானே, கடல் இல்லையே" என்று மூன்று தரம் கேட்டுவிட்டு ஏறினார். ஒரு கையால் பலகையையும் மறு கையால் சின்னவனின் சட்டையையும் பிடித்தபடியே இருந்தார். கொக்குகள் பறந்தன. தூரத்தில் ஒரு முதலை கிடந்தது. சின்னவன் அதைப் பூனை என்றான். உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஒத்திகையில் நாங்கள் படித்தவை பல. முதலாவது, தண்ணீரைக் கண்ட பிள்ளை அதற்குள் பாயத்தான் பார்க்கும். ஆகவே பெரியவர்களில் ஒருவருக்குப் பிள்ளையைப் பிடிப்பதைத் தவிர வேறு வேலையே இருக்கக் கூடாது. படம் எடுப்பதும் பை பார்ப்பதும் மற்றவர் வேலை. இரண்டாவது, ஐம்பது நிமிடம் போனதும் அவன் இறங்க வேண்டும் என்று கத்தத் தொடங்கினான். நான்கு மணிநேரக் கப்பலில் எங்கே இறங்குவது? அதனால் அவன் பகல் தூக்கம் கப்பலில் விழும்படி அன்றைய காலையை அமைக்கப் போகிறோம். மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்றைத் தோளில் கட்டி, அதற்குள் அவனைக் கிடத்திப் பழக்கியாயிற்று. மூன்றாவது, பெரியவர்களுக்கான மிதவைச் சட்டை குழந்தைக்குப் பொருந்தாது. தலை வழியே கழன்றுவிடும். கப்பலில் ஏறியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சின்னப் பிள்ளைக்கான மிதவைச் சட்டை எங்கே என்பதுதான். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடல் மயக்கத்தைப் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது அரிதாகவே வரும். இரண்டிலிருந்து பன்னிரண்டு வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் அதிகம். ஆக, எங்கள் வீட்டில் சத்தி எடுக்கப் போவது சின்னவனல்ல, கப்பல் கேட்ட மகள்! கப்பலின் நடுப்பகுதியில் இருக்கை கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. கையிலுள்ள புத்தகத்தையோ போனையோ பார்க்காமல் தூரத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இடியாப்பம், வாழைப்பழம், பிஸ்கட் போதும். எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். மயக்கத்துக்கான மாத்திரையை இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டொக்டரைக் கேளாமல் ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். "பாதியாக உடைத்துக் கொடு, தூங்கிவிடும்" என்று சொல்ல ஒரு மாமி எல்லா ஊரிலும் இருப்பார்.

காலமும் கடதாசியும்

ஐப்பசி முதல் தை வரை நினைக்கவே வேண்டாம். வாடைக் காற்றில் கப்பலே ஓடாது, ஓடினாலும் பிள்ளையோடு போகிற கடல் அல்ல அது. நாங்கள் பங்குனியைக் குறித்திருக்கிறோம். அப்போதும் காற்றால் பயணம் தள்ளிப்போகலாம் என்பதால் யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்திருக்கிறோம். அது வீணான நாள் அல்ல. கல்முனையிலிருந்து யாழ்ப்பாணம் ஓர் இரவு பஸ் பயணம். இரவு முழுதும் பஸ்ஸில் குலுங்கிய பிள்ளையை விடியற்காலையில் நேரே கப்பலில் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு நாள் தங்கி, குளித்து, தூங்கி, அதன் பிறகு காங்கேசன்துறைக்குப் போவதுதான் புத்தி.

சின்னப் பிள்ளைதானே என்று இருந்துவிடாதீர்கள், அவனுக்கும் தனிப் பாஸ்போட், தனி விசா வேண்டும். இந்திய விசா எடுக்கும்போது, அந்த விசாவோடு நாகப்பட்டினத் துறைமுகத்தில் இறங்கலாமா என்று வெளிப்படையாகக் கேட்டு எழுத்தில் பாருங்கள். இணையத்தில் எடுக்கும் விசா எல்லாத் துறைமுகங்களுக்கும் செல்லுபடியாகாது. பொதி எத்தனை கிலோ என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். பம்பர்ஸ், பால்மா, சுடுதண்ணீர்ப் போத்தல், இரண்டு மாற்றுடுப்பு, அவன் விடாமல் பிடித்துத் திரியும் அந்தக் கிழிந்த துவாய், இவை பெரிய பெட்டிக்குள் போகாமல் கையில் இருக்க வேண்டும். துவாயை மறந்தால் திரும்பி வந்து எடுக்க வேண்டியிருக்கும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தொழுகையைச் சுருக்கிச் சேர்ப்பது பற்றிப் புறப்படுமுன்பே உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொண்டால் கப்பலில் தடுமாற வேண்டியதில்லை.

உம்மாவுக்கு இதுவரை பாஸ்போட் இல்லை. போன மாதம் கல்முனையில் படம் எடுக்கக் கூட்டிப் போனேன். திரும்பும் வழியில் பிரதான வீதியில் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நின்றார். "கடற்கரப் பள்ளிப் பக்கமாப் போவம்" என்றார். போனோம். மணலில் இறங்கவில்லை. பள்ளிவாசல் மதிலோடு நின்று பார்த்தார். பின்னேரம், கடல் மட்டமாகக் கிடந்தது. வாய்க்குள் எதையோ ஓதினார். சின்னவன் இறங்க வேண்டும் என்று திமிறினான். உம்மா அவன் செருப்பைக் கழற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "கையப் பிடிச்சுக்க மன" என்று அவனை இறக்கிவிட்டார்.