நீர்ப்பைச் சுவர் கேட்கும் சேதி

சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து சுரண்டி எடுத்த சதைத் துணுக்குகள் ஃபார்மலின் டப்பாவில் வந்து சேர்ந்தால், டப்பாவைத் திறக்குமுன் கூட வந்த சீட்டைப் படிப்பது என் வழக்கம். வயது இருக்கும், ஆணா பெண்ணா என்று இருக்கும். புகைப் பழக்கம் சில சமயம் எழுதியிருப்பார்கள். வேலை என்ன என்ற இடம் பெரும்பாலும் காலி. அந்த ஒரு வரிக்காக அனுப்பிய டாக்டருக்கு ஃபோன் போடுவேன். திண்டுக்கல்லில் உட்கார்ந்து நீர்ப்பைப் புற்றுநோய் ஸ்லைடு பார்க்கிறவளுக்கு அந்த வரி இல்லாமல் தீராது.

இந்த நோய்க்குப் புகையும் சாயமும் காரணமாகலாம். திண்டுக்கல் சமவெளியோ புகையிலைக்குப் பேர்போனது. வேடசந்தூரில் 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஸ்பென்சர் கம்பெனி ஒரு காலத்தில் இங்கே சுருட்டு செய்து கடல் கடந்து அனுப்பியது. சின்னாளபட்டியில் சுங்குடிக்கும் பட்டுக்கும் சாயம் ஏற்றுகிறார்கள். திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் ஷாப்புகள். டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதியது இந்த ஊர்த் தொழிலாளிகளைத்தான். 2012இல் அதற்குச் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. ஆனால் தோல் வேலை என்றாலே சாயத்தில் கை வைத்தவர் என்று முடிவுகட்டக் கூடாது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சாயமேறாமலேயே இங்கிருந்து வெளியூர் போயிருக்கிறது. அதனால் 'தோல் ஷாப்' என்று மட்டும் எழுதினால் எனக்குப் போதாது. பதனிடும் குழியில் நின்றவரா, சாயம் கலக்கியவரா, எத்தனை வருஷம், எப்போது விட்டார் என்பதெல்லாம் வேண்டும்.

வேலை என்ன என்ற இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1895இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்ஸின் சாயம் தயாரிக்கும் ஆலைத் தொழிலாளர்களிடம் நீர்ப்பைக் கட்டி வருவதைக் கவனித்து எழுதினார். பிறகுதான் ஒவ்வொன்றாகப் பெயர் தெரிந்தது: பென்சிடின், பீட்டா நாப்தைலமின், 4-அமினோபைஃபினைல். கடைசி இரண்டும் புகையிலைப் புகையிலும் உண்டு. நுரையீரல் வழியாகவோ தோல் வழியாகவோ இவை உள்ளே போகின்றன. ஈரல் உருமாற்ற, சிறுநீரகம் வடிகட்ட, நீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கின்றன. அங்கே செல்லின் டிஎன்ஏவைக் கெடுக்கின்றன. கெடுத்ததற்கும் கட்டி தெரிவதற்கும் நடுவே 20 ஆண்டுக்கு மேல்கூட ஓடிவிடும். நம் நாட்டில் பென்சிடின் சாயங்களுக்கு 1990களில் தடை வந்தது. இன்று என் மேசைக்கு வரும் முதியவர் அந்தத் தடைக்கு முன்னால் சாயம் கலக்கியவராக இருக்கலாம்.

ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டால் இன்னொன்றும் விளங்கும். "ஒண்ணுக்கு ரத்தமாப் போச்சும்மா. வலி ஒண்ணும் இல்ல, சூடுன்னு நெனச்சேன். இளநி குடிச்சேன், நின்னுபோச்சு." இந்த நோயில் ரத்தம் தானாகவே நிற்கும். வாரங்களோ மாதங்களோ கழித்துத் திரும்ப வரும். இடையில் குடித்த இளநீருக்கும் வெந்தயத்துக்கும் பேர் கிடைத்துவிடுகிறது, கட்டிக்கு அவகாசம் கிடைத்துவிடுகிறது. வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால், ஒரே ஒரு தடவை போயிருந்தாலும், பார்த்தே ஆக வேண்டும். புகைப்பவர் என்றால் ஒரு நாளும் தள்ளக் கூடாது.

டிஎன்ஏ கெட்டதோடு வேலை முடிவதில்லை. கெட்ட செல் பெருகினால்தான் கட்டி. 'பெருகு' என்ற சேதியைச் செல்லுக்குக் கொண்டுவருபவை வளர்ச்சிக் காரணிகள் என்னும் சின்னஞ்சிறு புரதங்கள். அந்தச் சேதியை வாங்கிக்கொள்ளச் செல்லின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. நீர்ப்பையில் இந்த ஏற்பாடு எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் படித்த பிறகுதான் நான் ஸ்லைடு பார்க்கும் விதமே மாறியது.

ஸ்டான்லி கோஹன் சுண்டெலியின் எச்சில் சுரப்பிச் சாற்றில் ஒரு பொருளைக் கண்டார். பிறந்த எலிக்குஞ்சுக்கு அதைக் கொடுத்தால் கண் சீக்கிரம் திறந்தது, பல் சீக்கிரம் முளைத்தது. மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர். அவருக்கும் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்ட ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு இதைவிட வியப்பானது 1975இல் இங்கிலாந்தில் ஹரால்ட் கிரகரி காட்டியது. மனிதச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த யூரோகாஸ்ட்ரோன் என்ற பொருளும் கோஹனின் எலிக் காரணியும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. சிறுநீரகமே அதைச் செய்து சிறுநீரில் விடுகிறது. அதாவது உங்கள் நீர்ப்பையிலும் என் நீர்ப்பையிலும் பிறந்த நாள் முதல் 'பெருகு' என்ற சேதி தேங்கி நிற்கிறது.

பிறகு ஏன் எல்லோருக்கும் கட்டி வரவில்லை? நல்ல நீர்ப்பையின் உள்வரி ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்களால் ஆனது. மேலே அகலமான குடைச் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றி, சிறுநீர் உள்ளே கசியாமல் காக்கின்றன. சேதியை வாங்கும் ஏற்பிகளோ பெரும்பாலும் அடிவரிசைச் செல்களில் இருக்கின்றன. கல் உரசியோ, கிருமி தாக்கியோ, குழாய் பட்டோ மேல் அடுக்கு கிழிந்தால்தான் சிறுநீர் அடிவரிசையைத் தொடும். உடனே செல்கள் பெருகிப் புண்ணை மூடும். மூடியதும் சேதி கேட்காது, வேலை நிற்கும். காயத்துக்கான மருந்தைக் காயம் படுவதற்கு முன்பே பக்கத்தில் வைத்திருக்கும் இந்த ஒழுங்கை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

புற்றுநோய் குலைப்பது இதைத்தான். நீர்ப்பைத் தசைக்குள் இறங்கிய கட்டிகளில் மேல்தோல் காரணியின் ஏற்பி கூடுதலாகக் காணப்படுவதை 1985இல் டேவிட் நீலும் உடன் உழைத்தவர்களும் எழுதினார்கள். எட்வர்ட் மெஸ்ஸிங் 1990இல் இன்னொன்று காட்டினார்: புற்று வந்த உள்வரியில் ஏற்பிகள் அடிவரிசையோடு நிற்பதில்லை, மேற்பரப்பு வரைக்கும் ஏறி வந்திருக்கின்றன. சிறுநீரில் உள்ள காரணி இனி எந்தக் கிழிசலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

என்னிடம் வருவது சாதாரணச் சாயமிட்ட ஸ்லைடு, நீலமும் இளஞ்சிவப்பும். ஏற்பி அதில் தெரியாது. ஆனால் சேதி கேட்ட செல்கள் என்ன செய்தன என்பது தெரியும். அடுக்குகள் ஏழைத் தாண்டிப் போயிருக்கும். விரல் விரலாக எழுந்த மடிப்புகள், ஒவ்வொரு விரலின் நடுவிலும் மெல்லிய ரத்தக் குழாய். அந்தக் குழாயை வரவழைப்பதும் ஒரு வளர்ச்சிக் காரணிதான். ரத்தக்குழாய் உள்ளுறை வளர்ச்சிக் காரணியைக் கட்டியே சுரந்து தனக்கு ரத்தம் வரவழைத்துக்கொள்கிறது. இந்த மெல்லிய குழாய் முறிவதால்தான் வலியில்லாத ரத்தப்போக்கு. குடைச் செல்கள் இன்னும் மேலே ஒழுங்காக இருக்கின்றனவா, உட்கருக்கள் ஒரே திசையில் நிற்கின்றனவா, தாறுமாறாகக் கிடக்கின்றனவா என்று பார்த்துத் தரம் சொல்வேன். பிறகு தசையைத் தேடுவேன். தசை நார் இல்லாத துணுக்கில் தசைக்குள் இறங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. சுரண்டும் கம்பியின் சூட்டில் கருகிய ஓரங்களை ஒதுக்கி, பொறுமையாகத் தேட வேண்டிய வேலை அது. அவசரப்பட்டு எழுதினால் ஒருவரின் நீர்ப்பையே போகும், அல்லது உயிரே போகும்.

விரல் விரலாக வளரும் தாழ்ந்த தரக் கட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற வேறோர் ஏற்பியின் மரபணு மாறியிருக்கிறது. நீர்ப்பைப் புற்றில் இந்த மாற்றம் உண்டு என்று பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 1999இல் கண்டார்கள். எங்கள் ஊர் மாணவர்களுக்கு ஏற்பியையும் காரணியையும் பூட்டு, சாவி என்று சொல்லிவிடலாம், உடனே பிடித்துக்கொள்வார்கள். நான் சொல்வதில்லை. ஏற்பி தனியாக வேலை செய்வதில்லை. காரணி வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்தால்தான் சேதி உள்ளே போகும். இந்த நோயில் அடிக்கடி காணும் மாற்றத்தில், புரதத்தின் 249ஆவது இடத்தில் செரின் போய் சிஸ்டீன் வந்து உட்காருகிறது. இரண்டு சிஸ்டீன்கள் கந்தகப் பிணைப்பால் கோத்துக்கொள்ள, காரணி வராமலே ஜோடி சேர்ந்துவிடுகிறது, சேதி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. இப்படிப்பட்ட கட்டி திரும்பத் திரும்ப முளைக்கும். தசைக்குள் இறங்குவது குறைவு. தட்டையாகப் படர்ந்து, தரம் மோசமாகி, ஆழ இறங்கும் புற்று பெரும்பாலும் பி53 என்ற மரபணு கெட்ட வேறொரு வழியில் போவது. ஒரே பெயரில் வரும் இரண்டு நோய்கள் இவை என்றே எண்ணிப் பார்க்கிறேன்.

ஏற்பி இருந்தால் அதை அடைத்துவிட்டால் போதுமே என்று யாருக்கும் தோன்றும். நடந்தது அப்படியில்லை. மேல்தோல் காரணியின் ஏற்பியையும் அதன் உறவான ஹெர்2வையும் அடைக்கும் லபாட்டினிப், பரவிய நீர்ப்பைப் புற்றில் கீமோவுக்குப் பின் கொடுத்துப் பார்க்கப்பட்டது. 2017இல் முடிவு வந்தபோது பலன் இல்லை. எஃப்ஜிஎஃப்ஆர்3 மாறிய கட்டிகளுக்கான எர்டாஃபிட்டினிப் மாத்திரையோ பலன் தந்தது. 2019இல் அமெரிக்காவில் முதல் அனுமதி பெற்றது. கட்டியில் ஏற்பி இருப்பது வேறு, கட்டி அதை நம்பிப் பிழைப்பது வேறு என்பதை இந்த இரண்டு மருந்துகளும் எனக்குப் புரியவைத்தன. இந்த மாத்திரை உண்பவரின் ரத்தத்தில் பாஸ்பேட் ஏறும். பாஸ்பேட்டைச் சிறுநீரில் கழிக்கச் சொல்லும் சேதியும் இதே குடும்பத்து ஏற்பிகள் வழியாகவே போகிறது. அந்த அளவைப் பார்த்தே மருந்தைக் கூட்டுகிறார்கள். கண்ணையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் இந்த மாத்திரை தேவைப்படாது. தேவைப்படுகிற நாளில் மரபணுச் சோதனைக்குத் திசு வேண்டும். வருஷங்களுக்கு முன் சுரண்டிய துணுக்கு, பிளாக் என்னும் மெழுகுக் கட்டியில் ஒழுங்காக இருந்தால் அதுவே போதும். அதனால் அறுவை அறையில் இருப்பவர்களிடம் விடாமல் கேட்கிறேன்: துணுக்கை உலரவிடாமல் உடனே பஃபர் சேர்த்த ஃபார்மலினில் போடுங்கள், அமிலமான ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும், கட்டியின் அடித் துணுக்கைத் தனி டப்பாவில் போடுங்கள், சீட்டில் வேலையை எழுதுங்கள். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களிடம் மேல் மூலையில் உள்ள பிளாக் எண்ணைக் காட்டுகிறேன். மதுரைக்கோ சென்னைக்கோ போனாலும் இந்த எண்ணைச் சொல்லி பிளாக்கை வாங்கிக்கொள்ளலாம், தாளை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.