பழந்தீவு பன்னீராயிரமும் இன்றைய பெயர்களும்

பழங்கல்வெட்டு ஒன்றை இன்றைய உரைநடையில் பெயர்த்தெழுத முற்படுவோர் பெரிதும் தடுமாறும் இடம் இடப்பெயரே ஆகும். உள்நாட்டு ஊர்ப்பெயரை அயலூர், ஆறு, கோயில் ஆகியவற்றின் துணைகொண்டு உறுதிசெய்ய இயலும். கடல்கடந்த தீவுகளுக்கு அத்தகைய துணை அரிது. முதலாம் இராசராசனின் (985–1014) மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் ‘பழந்தீவு பன்னீராயிரம்’ என்னும் பெயர் இதற்குத் தக்க சான்றாகும்.

இப்பெயர் மாலத்தீவைக் குறிக்கும் என்பது பெரும்பான்மையோர் கருத்து. இலட்சத்தீவையும் இதனுள் அடக்குவோர் உளர். எண்ணைக் கொண்டு இதனை முடிவுசெய்ய இயலாது. மாலத்தீவில் உள்ள தீவுகள் ஏறத்தாழ 1,200. இலட்சத்தீவில் உள்ளவை 36. ஆகவே பன்னீராயிரமும் கணக்கன்று, இலட்சமும் கணக்கன்று. இரட்டபாடி ஏழரை இலக்கம், கங்கபாடி 96,000 என நாட்டுப் பெயரோடு எண்ணைச் சேர்த்து வழங்குதல் அக்கால மரபாகும். மேலும், 1602-இல் கப்பல் உடைந்து மாலத்தீவில் ஒதுங்கிய பிரான்சு நாட்டுப் பிரார், அந்நாட்டு மன்னர் பதின்மூன்று மாகாணங்களுக்கும் பன்னீராயிரம் தீவுகளுக்கும் அரசர் எனத் தம்மைக் கூறிக்கொண்டதைப் பதிவுசெய்துள்ளார். சோழர் கல்லில் காணும் எண்ணே ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகட்குப் பின்னரும் அத்தீவரசரின் விருதில் நிலைத்திருப்பது, இவ்வடையாளத்திற்கு வலுவூட்டுகிறது.

பெயர்ச்சொல்லும் எளிதில் பிடிபடுவதன்று. தமிழகத்தார் மாலத்தீவு என எழுத, இலங்கைத் தமிழர் மாலைதீவு என வழங்குவர். தீவுகள் மாலைபோல் அமைந்தமையால் வந்த பெயர் என்பது ஒரு விளக்கம்; தலைநகரான மாலேயின் பெயரால் வந்தது என்பது மற்றொன்று. அல்பிரூனி சோழியால் ஒரு தொகுதிக்கும், தென்னங்கயிற்றால் மற்றொரு தொகுதிக்கும் பெயர் அமைந்ததாகக் குறிப்பிடுகிறார். அங்கு வாழ்வோரோ தம் நாட்டைத் திவேகி ராஜ்ஜே என்கின்றனர். வணிகர் சரக்கைக் கொண்டும் அரசர் ஆட்சிப்பரப்பைக் கொண்டும் பெயரிட்டனர். குடிமக்கள் தம் பெயரால் அழைத்தனர்.

இக்குழப்பத்தால் உண்மையில் இழப்புறுவோர் இடையில் அகப்பட்ட சிறு தீவினரே. மினிக்காய் மக்கள் தம் தீவை மலிக்கு என்பர். இலட்சத்தீவின் பிற தீவுகளில் மலையாளம் வழங்க, இவர்கள் பேசுவது திவேகியின் கிளையாகிய மகல் மொழி. அதனை வலமிருந்து இடமாகச் செல்லும் தானா எழுத்தில் எழுதுகின்றனர். மொழியால் தெற்கேயும் ஆட்சியால் வடக்கேயும் சார்ந்தது இத்தீவு. 1956-இல் அமைந்த ஒன்றிய ஆட்சிப்பகுதி ‘இலக்கத்தீவு, மினிக்காய், அமினிதீவுகள்’ என மூன்று பெயர்களையும் தாங்கியிருந்தது. 1973-இல் அது ‘இலட்சத்தீவு’ எனச் சுருங்கியபோது, மினிக்காய் என்னும் பெயர் தலைப்பிலிருந்து நீங்கிற்று. அதன்பின் இலட்சத்தீவின் மொழி மலையாளம் என ஒற்றைத் தொடரில் எழுதிச் செல்வது எளிதாயிற்று. அத்தொடரில் மகல் மொழியினர்க்கு இடமில்லை.

எனவே பெயர்ப்பாளர் மூலத்துப் பெயரை மாற்றாது அவ்வாறே நிறுத்தி, இன்றைய ஆட்சிப்பெயரை விளக்கமாகவும், உள்ளூரார் வழங்கும் பெயரை அதனருகிலும் தருதல் நலம். பழந்தீவு என்றவிடத்து மாலத்தீவு என மாற்றி எழுதிவிடின், ஆய்வாளரின் கருதுகோள் கல்வெட்டின் சொல்லாகவே படிக்கப்படும். மலிக்கு என்பதை விட்டுவிடின், ஒரு மொழியும் அதைப் பேசுவோரும் பார்வைக்கு வாராமற் போவர்.