எலுமிச்சைச் சாற்றில் ஒரு மடல்



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களோடு ஓர் எளிய அறிவியல் சோதனை செய்தேன். எலுமிச்சைச் சாற்றால் வெள்ளைத் தாளில் எழுதினோம். காய்ந்ததும் எழுத்து மறைந்தது. இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் பழுப்பு நிறத்தில் எழும்பி வந்தது. வகுப்பில் ஒரே ஆரவாரம்!

"ஐயா, இப்படி யாராவது உண்மையிலேயே கடிதம் எழுதியிருக்கிறார்களா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்குச் சொன்ன வரலாற்றை உங்களுடனும் பகிர்ந்துகொள்கிறேன்.

1803 அக்டோபர் 31. 'பிலடெல்பியா' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல், இன்றைய லிபியாவின் திரிப்போலி அருகே தரைதட்டியது. அதன் தலைவர் வில்லியம் பெயின்பிரிட்ஜும் முந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளும் சிறைப்பட்டனர். சிறையிலிருந்து அவர் தம் மேலதிகாரியான எட்வர்ட் பிரெபிளுக்கு மடல் எழுதினார். இரகசியச் செய்திகளை எலுமிச்சைச் சாற்றில் எழுதினார். டென்மார்க் நாட்டுத் தூதர் நிசன் மடல்களை அனுப்பிவைக்க உதவினார். கைப்பற்றப்பட்ட கப்பலை எதிரி பயன்படுத்தாதவாறு அழித்துவிடலாம் என்ற யோசனையும் அவ்வாறே போய்ச் சேர்ந்தது. 1804 பிப்ரவரி 16 இரவு, ஸ்டீபன் டிகேட்டர் என்னும் இளம் அதிகாரியின் குழு அக்கப்பலை எரித்தது.

பிரெபிள் நம் வட்டாரக் கடலையும் கண்டவர். 1800இல் 'எசெக்ஸ்' கப்பலில் நன்னம்பிக்கை முனையைக் கடந்து, ஜாவாத் தீவின் பத்தாவியா வரை வந்தார். கண்டிப்பும் முன்கோபமும் மிக்கவர். தமக்குக் கீழே சிறுவர்களைத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று தொடக்கத்தில் குறைபட்டாராம். பின்னாளில் அந்த 'சிறுவர்களே' அமெரிக்கக் கடற்படையின் புகழ்பெற்ற தலைவர்களாயினர். ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிய கதையன்று!

பிரெபிள் 1807இல், 46 வயதில் மறைந்தார். அவருடைய மடல்கள், கட்டளைகள், கப்பல் குறிப்பேடுகள் முதலியன இன்று வாசிங்டன் காங்கிரசு நூலகத்தின் கையெழுத்துப் படிகள் பிரிவில் உள்ளன. 1805இல் நாடாளுமன்றம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. ஆயினும் அவருடைய அன்றாடத்தை அறிய இந்தத் தாள்கள்தாம் வேண்டும்.

கதையைச் சொல்லி முடித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

என் தந்தையார் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவர் மறைந்த பின், வீடு மாறும் அவசரத்தில், அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். தாத்தாவுக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்கள், பற்றுச்சீட்டுகள், பழைய குறிப்பேடுகள்... எல்லாம் கரையான் அரித்த குப்பை என்று கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டேன். ஒரு கடிதத்தைக்கூடப் படிக்கவில்லை.

சென்ற ஆண்டு என் மகள் பள்ளிப் பணிக்காகக் கேட்டாள்: "அப்பா, நம் கொள்ளுத்தாத்தாவின் ஊர் எது?"

என்னிடம் விடையில்லை. அந்தக் கடிதங்களின் மேலுறையில் ஊர்ப்பெயர் இருந்திருக்குமே!

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே! வீட்டிலும் பள்ளியிலும் உள்ள பழைய தாள்களை எறியுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். நிழற்படத்தின் பின்புறம் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

அடுத்த வாரம் என் மாணவர்கள் வீட்டிலுள்ள பழைய கடிதம் ஒன்றைப் பெற்றோரின் இசைவோடு கொண்டுவர வேண்டும். கொண்டுவர எனக்குத்தான் ஒன்றுமில்லை.

மீண்டும் சந்திப்போம்.